வீட்டில் இருவர்

சுயம்புலிங்கம் வெள்ளிக்கிழமைதோறும் தன் சட்டை, கைலியோடு சேர்த்து மனைவியின் சேலை ஒன்றையும் துவைத்துக் கொடியில் போடுவான். சேலையில் அழுக்கு ஒன்றும் இருக்காது. அதை உடுத்த வேண்டிய ராஜகனி நாகர்கோயிலில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். இருந்தாலும் கொடியில் ஒரு சேலை ஆடினால்தான் அது குடும்பம் நடக்கிற வீடு. குழாய் பார்க்க வருகிறவனோ வழி தவறி வந்த லாரிக்காரனோ தூரத்திலிருந்து பார்த்தால், வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அப்படி நினைக்கக்கூட அந்தப் பக்கம் ஆள் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

தேரிக்காட்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல்தான். அதன் நடுவில் காற்றுப் பண்ணையின் கோபுரங்கள் வரிசையாக நின்றன. கோபுரத்துக்குள் காற்றாடிகள், காற்றாடிகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் அடுக்கடுக்காகக் கறுப்புத் தட்டுகள். கல்யாணமான புதிதில் ராஜகனியைக் கூட்டிக்கொண்டு வந்து இதையெல்லாம் சுற்றிக் காட்டியபோது சுயம்புவுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"இந்தத் தட்டுக்கு கரண்ட் குடுத்தா, காத்துல இருக்க கரிக்காத்தை மட்டும் பிடிச்சு வச்சிக்கிடும். கரண்டைத் திருப்பி விட்டா, பிடிச்சதை அப்படியே விட்டுரும். அதை அமுக்கி, குழாய் வழியா கடலுக்கு அடியில பாறைக்குள்ள அனுப்பிருவோம். உலகத்துச் சூடு குறையணும்னா இதான் வழி."

அவள் ஒரு தட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இதுவும் நம்மளை மாதிரி மூச்சு விடுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு அவன் சிரித்தான். பின்னாளில் அந்தப் பேச்சுதான் அவனுக்குக் கைகொடுக்கப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பகலில் காற்றாலை மின்சாரத்தை ஊர்கள் உறிஞ்சிக்கொள்ளும். தட்டுகளிலிருந்து வாயுவை இறக்குகிற பெரிய வேலைக்கு ராத்திரியில்தான் மின்சாரம் மிஞ்சும். அதனால் சுயம்புவுக்கு எப்போதும் ராத்திரி வேலை, பகல் தூக்கம். கோபுரத்தடியில் அவன் இருக்கும்போது அவள் வீட்டில் விளக்கை அணைக்காமல் தனியாக இருப்பாள். அவன் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்ப்பான். அவளும் வந்து பக்கத்தில் படுப்பாள். சாயங்காலம் அவன் எழுந்தால் சூடாகத் தேநீர் இருக்கும். டம்ளரை நீட்டும்போது அவள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "தூக்கம் வந்துச்சா?"

வந்தது என்பான். அவனுக்குத் தூக்கத்தில் குறையே கிடையாது.

பண்ணை வேலையை நிறுவனம் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. கரிக்காற்று என்கிற கரியமில வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து வந்து கட்டிலுக்கடியில் தேங்கும். முன்பு ஒரு பண்ணையில் கசிவு ஏற்பட்டு, தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களுக்குத்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். ஒருவர் மயங்கினால் இன்னொருவர் இழுத்து வெளியே போட வேண்டும். அதைக் கண்காணிக்க வீட்டுக்குள் ஒரு மூச்சுமானி. அடுப்படிச் சுவரில் சின்னத் திரை. எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அது கணக்கெடுத்து, 'வீட்டில் ஒருவர்', 'வீட்டில் இருவர்' என்று காட்டும். ஆட்கள் தூங்குகிற பகல் நேரத்தில் அதே எண்ணிக்கை தூத்துக்குடி அலுவலகத்துக்கும் போகும்.

ராஜகனி போனது ஒரு காலையில். அவன் வேலை முடிந்து வந்தபோது சோறு வடித்திருந்தது, குழம்பு மூடியிருந்தது, அவளுடைய பை இல்லை. போன் பண்ணினான். "அங்க முடியலங்க" என்று மட்டும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அடித்தானா, குடித்தானா, என்ன குறை வைத்தான்? வேளாவேளைக்குச் சாப்பாடு, நிம்மதியான தூக்கம். படுத்தால் அசையாமல் தூங்குவாளே, அப்படித் தூங்குகிறவளுக்கு என்ன முடியவில்லை? இதையெல்லாம் அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்காமல் போனை வைத்தான். அவளாகக் கூப்பிடட்டும் என்று வீறாப்பாக இருந்தான். அவள் கூப்பிடவில்லை. இரண்டு ஆடிக்காற்று வந்து போய்விட்டது.

பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு என்று கொஞ்ச நாள் ஒருத்தர் ஊருக்குப் போக அலுவலகம் விடும். அதற்கு மேல் இல்லாவிட்டால் வீட்டை வேறு தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றை ஆளைத் தூத்துக்குடியில் உதிரிச் சாமான் அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். கிட்டங்கி வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ராஜகனி என்றைக்காவது மனசு மாறி வந்து கதவைத் தட்டினால் வேறு யாரோ ஒருத்தி வந்து திறப்பாள் என்பதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீறாப்புக்காரன்தான். ஆனாலும் கதவுக்கு இந்தப் பக்கம் அவன் இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவனுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. கோபுரத்தில் வாயு ஏற்றிய ஒரு தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். மின்சாரத்தை விட்டு விட்டுத் திருப்ப ஒரு சின்னப் பெட்டி, வாயுவை ஊதித் தள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றாடி. மனித மூச்சில் ஈரம் இருக்குமே என்று மேலே ஒரு நனைத்த துண்டு. ராஜகனி படுக்கிற பக்கம் தலையணையில் வைத்து முடுக்கினான். ஸ் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடி ஸ். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தான். 'வீட்டில் இருவர்' என்றது திரை.

அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் வரும்போது, பால் பாக்கெட் வாங்கி வருகிற மாதிரி வாயு நிறைந்த தட்டு ஒன்றை எடுத்து வருவான். தீர்ந்த தட்டைச் சாயங்காலம் கோபுரத்தில் கொண்டுபோய் மாட்டுவான். படுக்கும் முன் துண்டை நனைத்துப் பிழிந்து போடுவான். அது என்றும் ஒரே சீராக மூச்சு விட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சத்தம் இல்லாமல் அவனுக்கு இப்போது தூக்கமே வராது.

இப்படியிருக்கும்போது தணிக்கைக்கு ஆள் வருகிறது என்று செய்தி வந்தது. சுயம்பு வீட்டைக் கூட்டிப் பெருக்கினான். சேலையை மறுபடி நனைத்துக் கொடியில் போட்டான். கண்ணாடியில் ராஜகனியின் பழைய பொட்டு ஒன்றை ஒட்டினான். மதியத்துக்கு மேல் ஜீப்பில் வந்து இறங்கியவள் ஷமீமா. மேலப்பாளையத்துக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது, பண்ணை பண்ணையாக அலைந்து கறுத்த முகம். சுயம்பு அவளை உட்காரவைத்துத் தேநீர் போட்டான். வீட்டுக்காரி திருச்செந்தூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர இருட்டிவிடும் என்று ஒத்திகை பார்த்தபடியே சொன்னான். ஷமீமா தலையை ஆட்டிக்கொண்டே தேநீரைக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. அக்கா திருச்செந்தூர்ல இருக்காங்க. மூணாவது ஆரு?"

சுயம்பு திரும்பினான். திரையில் 'வீட்டில் மூவர்' என்றிருந்தது. எல்லாவற்றையும் யோசித்தவன், மனைவியைக் கோயிலுக்கு அனுப்பினால் அவள் மூச்சையும் நிறுத்த வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. கூடவே படுத்துக் கூடவே எழுந்ததில் அது ஒரு சாதனம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. உள்ளறையிலிருந்து ஸ் என்று சத்தம் வந்தது.

ஷமீமா எழுந்து உள்ளே போனாள். கட்டிலையும் துண்டையும் தட்டையும் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நான் வந்ததே இதுக்குத்தான்" என்றாள். "உங்க வீட்டம்மா மூச்சு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ஒரு சளி கிடையாது, ஒரு கோவம் கிடையாது, ஒரு கெட்ட கனாகூடக் கிடையாது. மனுசப் பெறவில அப்படி ஒருத்தர் உண்டுமா?"

 அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவனை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை என்கிற மாதிரி பேசினாள். பல பண்ணைகளில் இதே கதைதானாம். ஆளில்லாக் காட்டில் எந்தப் பெண் எத்தனை நாள் இருப்பாள்? ஒருத்தர் உள்ளறையில் இரண்டு ஆடுகளைக் கட்டி வைத்திருந்தாராம். வெயில் காலத்தில் ஆடு இரைக்க இரைக்க மூச்சு வாங்கியதில், அந்த அம்மாளுக்கு நெஞ்சுவலி என்று அலுவலகம் ஆம்புலன்ஸ் அனுப்பிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள். சுயம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கசிவு வந்தா உங்களை இழுத்து வெளிய போடப்போறது ஆரு அண்ணாச்சி? இந்தத் தட்டா?"

"அவ வந்துருவா மேடம்" என்றான்.

 ஷமீமா தனக்குத் தெரிந்த இரண்டு வழிகளைச் சொன்னாள். மனைவி போய்விட்டாள் என்று அவனே அலுவலகத்துக்குச் சொல்லிவிடலாம். வீடு போகும், கிட்டங்கி வேலை கிடைக்கும். இல்லையென்றால் இந்தத் தட்டை நிஜமாக மூச்சு விட வைக்க வேண்டும்.

"ராஜகனி அக்கா இருந்த காலத்து மூச்செல்லாம் அந்த மானிப் பெட்டிக்குள்ள அப்படியே கிடக்கு. அதைத் தட்டுக்கு இணைச்சு விட்டுட்டா, அவங்க அன்னைக்கு எப்படி விட்டாங்களோ அப்படியே இது விடும். ஆபீசுல ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

"அவ மூச்சா?" என்றான் சுயம்பு. "அதை ஆரெல்லாம் பாத்திருப்பாவ?"

"ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. ஒரேடியா இரைச்சாலோ, மாறாம ஒரே சீரா ஓடினாலோதான் மிசின் மணி அடிக்கும், மத்தபடி ஆபீசுக்கு வேண்டியது ரெண்டுங்கிற எண்ணிக்கை. அந்த மூச்சு எப்படி இருந்துச்சுன்னு ஆரு கேக்கா?"

அவன் இணைக்கச் சொன்னான். அவள் ஒரு கம்பியை இழுத்துப் பெட்டியிலிருந்து பெட்டிக்குச் செருகினாள். அடுத்த முறை தான் கூப்பிடும்போது இரண்டில் எது வசதி என்று சொன்னால் போதும், அதையே எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். ஜீப்பில் ஏறும்போது கொடியில் ஆடிய சேலையைப் பார்த்தாள். தான் கட்டிக்கொண்டவரும் தன்னோடு இல்லை என்றும், தான் மட்டும் ஊர் ஊராக லாட்ஜில் கிடப்பதாகவும், எதற்கென்றே தெரியாமல் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில் சுயம்பு வேலையிலிருந்து வேகவேகமாக நடந்து வந்தான். புதுமாப்பிள்ளையின் பரபரப்பு. குளித்தான், சாப்பிட்டான், தட்டை மாற்றினான், துண்டை நனைத்துப் போட்டான். பெட்டியை முடுக்கிவிட்டுப் படுத்தான். ராஜகனி இருந்த கடைசி வருஷத்தில் ஏதோ ஒரு பகல் அவன் பக்கத்தில் ஓடத் தொடங்கியது.

முதல் மூச்சு வந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய சீரான ஸ் இல்லை இது. இதில் ஒரு ஆள் இருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அவள் தூங்கட்டும், கூடவே நாமும் தூங்குவோம் என்று காத்திருந்தான்.

மூச்சு தூங்கவில்லை.

குட்டிக் குட்டியாக வந்தது. நடுவில் சட்டென்று நின்றது. நெடுநேரம் நின்றது. ஏதோ பழுதாகிவிட்டது என்று அவன் கையை நீட்டும்போது, அடக்கி வைத்திருந்தது முழுதும் ஒரே நீளமாக வெளியே வந்தது. பிறகு திக்கித் திக்கி நாலைந்து மூச்சு. மறுபடியும் அடக்கம். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளை இப்படித்தான் மூச்சு விடும். சுயம்பு எழுந்து உட்கார்ந்தான்.

உச்சி வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே நடந்தது. ஒருதரம்கூட அது சீராகவில்லை. சாயங்காலமானதும் ஒரு பெருமூச்சு வந்தது, கட்டில் பக்கம் ஓய்ந்தது. அவள் தேநீர் போட எழுந்திருக்கிற நேரம் அது. அன்றைக்கு டம்ளரோடு வந்து நின்று, தூக்கம் வந்துச்சா என்று கேட்டிருப்பாள். அவனும் வந்தது என்று சொல்லியிருப்பான்.

அன்றைக்கு அவளுக்கு உடம்புக்கு ஏதோ முடியவில்லை போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்த பகலும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த பகலும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அவன் தூங்கவில்லை. பக்கத்தில் விழித்துக் கிடந்தவளுக்குத் துணையாக, காலம் கடந்து, அவனும் விழித்துக் கிடந்தான்.

விழித்துக் கிடந்தபோதுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. அவள் பாத்திரத்தைத் தரையில் வைக்கும்போது அடியில் துணியை மடித்துப் போடுவாள். சுத்தக்காரி என்று நினைத்திருந்தான். மிக்சி ஓடினதே இல்லை, எல்லாம் அவன் வேலைக்குப் போன பிறகு அரைத்து வைப்பாள். அவன் வீட்டில் இருந்தால் தூங்குவான் என்பதால் அவள் பேசக் கூடாது. அவன் விழித்திருந்தால் கோபுரத்தடியில் இருப்பான் என்பதால் பேச ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தேநீர், ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு நாளாவது அவன் திருப்பிக் கேட்டிருந்தால்? கூடவே படுத்திருந்தவனுக்குத் தெரியாதது ஒரு சுவர்ப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவனுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

அவளுடைய நம்பருக்குக் கூப்பிட்டான். இத்தனை நாளாக அவள் கூப்பிட்டால் பேசுவதற்கென்று அவன் ஏராளமாகச் சேர்த்து வைத்திருந்தான். நான் என்ன குறை வைத்தேன், எப்போது வருகிறாய், ஊரில் எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சொல்லுங்க" என்றாள். பின்னால் அக்கா வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தமும் பாத்திரம் விழுகிற சத்தமும் கேட்டன.

"ராஜகனி" என்றான். "ஒனக்கு இப்பம்லாம் தூக்கம் வருதா?"

 அவள் மூச்சு மட்டும் கேட்டது. அடக்கினாள். இப்போது அவனுக்கு அது அடக்கம் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக, முழுதாக வெளியே விட்டாள்.

"வருதுங்க" என்றாள். "இங்க வந்ததுலேர்ந்து நல்லா வருது."

வந்துவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு வந்திருக்கிற தூக்கத்தை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவதற்கு அவன் யார்? சரி என்று மட்டும் சொன்னான்.

"ஒங்களுக்கு?" என்று கேட்டாள் அவள்.

"வருது" என்றான்.

போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனான். தட்டு அப்போதும் திக்கித் திக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்து, "போதும்ளா, தூங்கு" என்றான். கம்பியைப் பிடுங்கினான். காற்றாடி சுற்றி ஓய்ந்தது. ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டான். காய்ந்துபோயிருந்த சேலையை எடுத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தான். மூட்டை கட்ட அவ்வளவு சாமான் ஒன்றும் அந்த வீட்டில் இல்லை.

ஷமீமா கூப்பிடும் வரை அவன் காத்திருக்க நேரவில்லை. அலுவலகமே கூப்பிட்டுவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் போல, குரலில் பதற்றம்.

"சார், உங்க வீட்டுல ஒருத்தர்னு காட்டுது. இன்னொருத்தருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல தம்பி. அவ நாகர்கோயில்ல நல்லாருக்கா" என்றான் சுயம்புலிங்கம். "இங்கன ஒருத்தன்தான். ரொம்ப நாளாவே ஒருத்தன்தான். அப்படியே எழுதிக்கிடுங்க."

பிறகு அடுப்படிக்குப் போய்த் தனக்கு மட்டும் தேநீர் போட்டான். பாத்திரத்தை இறக்கும்போது கை வழக்கம்போல மடித்த துணியைத் தேடியது. ராஜகனியிடமிருந்து அவனுக்கே தெரியாமல் தொற்றிக்கொண்ட பழக்கம். தேடுவதை நிறுத்திவிட்டு, பாத்திரத்தை வெறும் சிமெண்ட் தரையில் வைத்தான். ணங் என்ற சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. யாரும் விழிக்கவில்லை.